சோளகக் காற்றில் ஒரு குப்பைத் தீ

புரட்டாதி முடியும்வரை வெயில் குறையாது, காய்ந்த இடங்களில் தீ மூட்ட வேண்டாம் என்று வானொலி எச்சரித்தது. அதைக் கேட்டுக்கொண்டே பக்கத்து வளவு அண்ணை எங்கள் வேலியோரமாகக் குப்பையைக் குவித்து நெருப்பு வைத்தார்.

“அண்ணை, சோளகம் வீசுது. இண்டைக்கு வேண்டாம்,” என்றேன்.

“ரேடியோவில உவங்கள் சொல்லுற மழையே வாறேல்லை. நெருப்பு மட்டும் வரப்போகுதோ?” என்று சிரித்தார்.

சிரித்து முடிப்பதற்குள் காற்று சுழன்றடித்து எங்கள் ஓலைவேலி பற்றிக்கொண்டது. நானும் மனைவியும் கிணற்றிலிருந்து வாளி வாளியாக அள்ளி ஊற்றினோம். அவரும் ஓடிவந்து ஊற்றினார். பாதி வேலி போய்விட்டது; முருங்கையும் கருகியது.

அணைந்ததும், ஒரு வார்த்தை வருத்தம் சொல்வார் என்று நின்றேன். அவரோ கரியைக் காலால் தட்டிப் பார்த்து, “நீங்கள் மதில் கட்டியிருக்கலாம்,” என்றார்.

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.