உஸ்தா ரிஃபாத்தின் காற்றில் வெங்காய வாசம்

குசெய்ர் என்ற கடலோர ஊரில், கடலுக்கடியில் மீன் பார்க்க இறங்குபவர்கள் முதுகில் சுமந்துபோகும் காற்று, ஊரே 'உஸ்தா', அதாவது மேஸ்திரி, என்று கூப்பிடும் ரிஃபாத் அடைத்த காற்று. இதை யாரும் மறக்க அவர் விடுவதில்லை. டீக்கடையில் எவராவது பெருமூச்சு விட்டால், "வீணாக்காதீங்கய்யா" என்பார்.

பாஸ்பேட் துறைமுகத்தில் பாதி ஆயுள், ஷாஸ்லியின் முக்குளிப்புக் கடையில் மீதி. இரண்டு இடத்திலும் கம்ப்ரசர்தான் துணை என்பதால், மனிதர்களையும் அந்தக் கணக்கில்தான் பிரிப்பார். முதலாளி ஷாஸ்லி திருகு வகை. இரண்டு திருகுகள் பின்னிச் சுழலும். இடையில் மாட்டிய காற்று போகப்போக இடமில்லாமல் ஒடுங்கும். அதிகச் சத்தமே இருக்காது. பிழியப்பட்டது பிறகுதான் தெரியும். மைத்துனரோ, எரிவாயுக் குழாய்களில் வைக்கும் சுழல் வகை. படுவேகமாகச் சுற்றி, உள்ளே வந்ததையெல்லாம் வெளியே வீசி, அந்த வேகத்தையே அழுத்தமாக்கும். சுற்றுவதை நிறுத்தினால் ஒன்றுமில்லை.

தான் மட்டும் பிஸ்டன் வகை என்பார். "பெரிய சிலிண்டர்ல ஒரு அமுக்கு. காத்து கொதிக்கும். சுருள் குழாய்ல ஆறவிடணும். அப்புறம் சின்னதுல, அப்புறம் அதைவிடச் சின்னதுல. ஒரே மூச்சுல அமுக்கினா மெஷினே வெந்துடும்." அவர் கோபமும் அப்படித்தான், படிப்படியாக ஏறும். நடுவில் ஒரு டீ கொடுத்தால் ஆறிவிடும்.

போன மாதம் ஒரு ஜெர்மன் பெண்மணி கரையேறியதும் சொன்னார், காற்றில் வெங்காயம் இருக்கிறது என்று. அடுத்து வந்தவர் கொத்தமல்லியும் இருக்கிறது என்றார்.

ஷாஸ்லி குரலை உயர்த்தவில்லை.

"வெள்ளிக்கிழமை பெரிய கோஷ்டி வருது உஸ்தா. ஒருத்தர் மூக்கைச் சுளிச்சாலும் சரி, சனிக்கிழமையிலேருந்து சிலிண்டரெல்லாம் வெளியூர்ல நிரப்பிக்கிறேன். நீங்க வீட்ல நல்லா ஓய்வெடுங்க."

ரிஃபாத் எண்ணெய் மாற்றினார். தேங்கிய தண்ணீரை வடித்தார். புதுக் கரி வடிகட்டி போட்டார். வாசம் ஒருநாள் விடுப்பு எடுத்துவிட்டுத் திரும்பி வந்தது.

பக்கத்துச் சுவருக்கு அந்தப்புறம் தாமியா வடை பொரிக்கும் நகாத் எட்டிப் பார்த்தாள்.

"என்ன உஸ்தா, மெஷினுக்கு அஜீரணமா?"

"எல்லாம் உன் எண்ணெய்ச்சட்டியாலதான், நகாத்!"

"நான் வருஷக்கணக்கா பொரிக்கிறேன். போன மாசம் வரைக்கும் உங்க மெஷினுக்குப் பசிக்கலையே?"

கேள்வி நேராக முதல் சிலிண்டருக்குள் போனது. ரிஃபாத் மொட்டைமாடிக்கு ஏறினார்.

கம்ப்ரசர் காற்றிழுக்கும் வாய் முன்பெல்லாம் அறையின் கடல்பக்க ஜன்னலோரம் இருந்தது. அதனால் அறைக்குள் புகைபிடிக்கக் கூடாது. போன மாதம் அவரே குழாயை மாடிக்கு நீட்டினார். சுத்தமான காற்றுக்காக என்று ஊருக்குச் சொன்னார். உண்மையில் மெஷின் பக்கத்தில் நாற்காலி போட்டு நிம்மதியாகப் புகைக்கத்தான். இப்போது குழாயின் வாய் நகாத்தின் புகைபோக்கியை முத்தமிடாத குறையாக நின்றது.

பின்னாலேயே ஏறி வந்த நகாத் அதைப் பார்த்து, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அந்தப் பக்கமாத் திருப்புங்களேன்."

"அங்க லாரிப் புகை. அதைக் கடலுக்கடியில கொண்டுபோனா ஆளே செத்துடுவான்."

"இன்னும் நீட்டுங்க."

"மூச்சுத் திணறும்."

"யாருக்கு, உங்களுக்கா?"

"மெஷினுக்கு!"

"அப்ப பழைய ஜன்னல்தான். சிகரெட்டா சிலிண்டரா, நீங்களே சொல்லுங்க உஸ்தா."

ரிஃபாத் விரலிடுக்கில் இருந்ததைப் பார்த்தார். கடைசியாக ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, ஸ்பானரை எடுத்தார்.

வெள்ளிக்கிழமை கோஷ்டி இறங்கி ஏறியது. காற்று எப்படி என்று ஷாஸ்லி கேட்டார். "கவனிக்கவே இல்லையே" என்றார்கள். நாற்பது வருட உழைப்புக்கு ரிஃபாத்துக்குக் கிடைத்த ஆகப்பெரிய பட்டம் அதுதான். ஷாஸ்லி சத்தமில்லாமல் தலையசைத்துவிட்டுப் போனார். வேலை தப்பியது.

மறுநாள் நகாத் இடுப்பில் கைவைத்து வந்து நின்றாள்.

"ஒரு மாசமா கடல்லேருந்து நேரா என் கடைக்கு ஓடிவந்தாங்க. நேத்து ஒருத்தன்கூட வரலை. குழாயை ஒருநாள் விட்டு ஒருநாளாவது…"

"எண்ணெய்ப் புகை நகாத், ஆழத்துல அது விஷம்!"

"அப்ப என் வியாபாரம்?"

இப்போது ரிஃபாத் புகைப்பது நகாத் கடை பெஞ்சில். சிலிண்டருக்குக் காத்திருக்கும் வெள்ளைக்காரர் யாராவது ஒரு கேள்வி கேட்டால் போதும், திருகு வகையிலிருந்து தொடங்கிவிடுவார். எழுந்துபோக வழியே கிடையாது. பிஸ்டன் வருவதற்குள் எல்லோருக்கும் பசிக்கும்.

"உஸ்தா, ஆறவிடற இடம் வந்ததும் கொஞ்சம் நிறுத்துங்க" என்று உள்ளிருந்து நகாத்தின் குரல் வரும். "தட்டு கொண்டாரேன்."