வண்டி தூக்கிப் போட்டது

மகளுக்குப் பொள்ளாச்சியில் பிரசவம் ஆயிற்று. ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். பெண் குழந்தை. வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன அன்று நானே காரில் போய்க் கூட்டிவந்தேன். பின் சீட்டில் மகள் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் என் அக்கா, மடியில் குழந்தை. கோபாலபுரம் செக்போஸ்டைத் தாண்டிக் கேரள எல்லைக்குள் எங்கள் பக்கம் நுழைந்ததும் ஒரு வேகத்தடை வந்தது. அதில் ஏறி இறங்கியபோது மகள் "அம்மா" என்று கத்திவிட்டாள்.

வலி வந்தால் எல்லோரும் கூப்பிடுகிற அம்மாதான். ஆனால் அவளுடைய அம்மா போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை. அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மெதுவாப் போங்கப்பா" என்றாள் மகள்.

"மெதுவாத்தான் போறேன் கண்ணு."

"அப்புறம் ஏன் இந்தக் குதி குதிக்குது? தையல் பிச்சுக்கும்போல இருக்குது. உங்களுக்குத் தெரியறதில்லீங்களா?"

தெரியவில்லை. அதுதான் உண்மை. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அந்த வண்டியை நான் ஓட்டத் தொடங்கி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அது தூக்கிப் போடுகிறது என்பது ஒருநாளும் என் உடம்பில் உறைக்கவில்லை. அந்த நாட்களில் எனக்கு எதுவுமே உறைக்கவில்லை. நான் பால் சொசைட்டியில் பால் அளக்கிறவன். ஒருநாள் காலையில் பால் நிறைந்த கேன் ஒன்று காலில் விழுந்திருக்கிறது. பால் ஊற்ற வந்த ஒரு அம்மா, "ஏனுங்க, ரத்தம் வருதுங்களே" என்று சொன்ன பிறகுதான் குனிந்து பார்த்தேன். நகம் பிளந்திருந்தது. வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு அடுத்த கேனை நகர்த்தினேன். நான் தைரியமாக இருப்பதாக ஊரில் பேசிக்கொண்டார்கள்.

கார் என் மனைவியுடையது. பழைய வண்டி. எங்கள் கைக்கு வரும்போதே இரண்டு பேரிடம் இருந்துவிட்டு வந்தது. அவள் வீட்டில் இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். முதலில் ஆட்டோவில் அனுப்பினாள். ஆட்டோக்காரர் நேரத்துக்கு வராமல் மாவு புளித்துப் போகவே, நாற்பது வயதுக்கு மேல் தானே டிரைவிங் கற்றுக்கொண்டாள். விடியற்காலையில் பின் சீட்டை மடக்கி மாவு கேன்களை அடுக்கிக்கொண்டு கிளம்பினால், வேலந்தாவளத்தில் ஆரம்பித்து கோபாலபுரம் வரைக்கும் கடை கடையாக இறக்கிவிட்டு வருவாள். அந்த நேரத்தில் நான் சொசைட்டியில் இருப்பேன். எனக்கு மொபெட் போதும். அந்த வண்டியில் நான் உட்கார்ந்ததே குறைவு. ஓட்டியது அதைவிடக் குறைவு.

அவளைக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். திரும்பி வரவில்லை. நடக்க வேண்டிய காரியங்கள் எல்லாம் நடந்தன. மகள் அப்போது ஏழு மாதம். மாமியார் வீட்டிலேயே பிரசவம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர்கள் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். அவள் கேட்கவில்லை. "அப்பா ஊட்டுக்குத்தான் வருவேன்" என்று வந்துவிட்டாள்.

தடுப்பூசிக்குக் குழந்தையை மறுபடி பொள்ளாச்சிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. "இந்த வண்டியில நான் வரமாட்டேன். பச்சைக் குழந்தைக்குக் கழுத்து நிக்கறதில்லை" என்று மகள் சொல்லிவிட்டாள். வாடகைக்கு வண்டி பிடித்தால் முடிந்துபோகும். ஏனோ எனக்கு அது தோன்றவில்லை. செய்வதற்கு ஒரு வேலை கிடைத்ததுபோல் வண்டியைச் சரிசெய்யக் கிளம்பினேன்.

முதலில் காற்று. பெட்ரோல் பங்கில் பார்த்தபோது நான்கு டயரிலும் அளவுக்கு மேல் ஏற்றியிருந்தது. கல் மாதிரி இருந்தது. குறைத்துவிட்டுச் சொசைட்டி வரை ஓட்டிப் பார்த்தேன். இம்முறை கவனித்து உட்கார்ந்தேன். சின்னச் சின்னக் கல்லில் வரும் கடகடப்பு குறைந்திருந்தது. பள்ளத்தில் விழுந்தால் அதே அடி.

அடுத்து வேலந்தாவளத்தில் ஒரு ஒர்க்‌ஷாப். அன்றைக்கு மாட்டுச் சந்தை. ரோட்டை அடைத்து நின்ற மாடுகள் ஒதுங்கும்வரை காத்திருந்துதான் உள்ளே போனேன். மெக்கானிக் பாலக்காட்டுக்காரர். மலையாளமும் தமிழும் கலந்து பேசுவார். முன்பக்க மூலையை இரண்டு கையாலும் அமுக்கிவிட்டார். வண்டி இறங்கி, ஏறி, மறுபடி இறங்கி ஆடிக்கொண்டே இருந்தது.

"கண்டோ? ஒருதரம் ஆடி நிக்கணும். இது ஊஞ்ஞாலாட்டம் ஆடுது. முன்னாடி ஷாக் ரெண்டும் போயி சேட்டா" என்றார். குனிந்து பார்க்கச் சொன்னார். ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்து மண் அப்பியிருந்தது. முன்பக்கம் இரண்டையும் மாற்றினார். பின்பக்கம் கசிவில்லை, அது இருக்கட்டும் என்றார்.

முன்பக்கம் நன்றாகத்தான் ஆயிற்று. அன்று சாயங்காலம் மகளைப் பின் சீட்டில் உட்காரவைத்துத் தெருமுனை வரை கூட்டிப்போனேன். திரும்பி வந்து இறங்கும்போது, "முன்னாடி உங்களுக்குத் தேவலையா இருக்கும். பின்னாடி அப்படியேதானுங்கப்பா தூக்கிப் போடுது" என்றாள். அவள் கோபமாகச் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பாள். நான் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் மெக்கானிக் செய்ததைப்போல் நானே பின்பக்க மூலையை அமுக்கிப் பார்த்தேன். ஆடவில்லை. ஆடாதது மட்டுமில்லை, இறங்கவே இல்லை. சுவரை அமுக்குவதுபோல் இருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை. ஷாக் இறுகிவிட்டதோ என்று நினைத்தேன்.

அந்த வாரத்தில் சொசைட்டிக்குத் தீவனம் கொண்டுவரும் டெம்போ வரவில்லை. செக்ரட்டரி கேட்டதால் என் காரிலேயே மூட்டைகளை ஏற்றிவந்தேன். பின் சீட்டை மடக்கியதும், டிக்கியிலிருந்து முன் சீட்டு முதுகு வரை மூட்டை. கோபாலபுரம் வேகத்தடையில் ஏறி இறங்கினேன். வண்டி மெத்தென்று இறங்கி எழுந்தது. எனக்குச் சந்தேகமாக இருந்தது. ரோட்டைப் புதிதாகப் போட்டுவிட்டார்களா என்று கண்ணாடியில் பார்த்தேன். அதே ரோடுதான். வேண்டுமென்றே ஒரு பள்ளத்தில் இறக்கினேன். அடி இல்லை. மூட்டைகளை இறக்கிவிட்டு அதே வழியில் வெறும் வண்டியாகத் திரும்பினேன். தூக்கிப் போட்டது.

அன்று ராத்திரி என் மனைவியின் தம்பிக்குப் போன் செய்தேன். அவன் தேங்காய் லாரி ஓட்டுகிறவன். "மாப்ள, பாரம் ஏத்துனா நல்லா ஓடுது. வெறும் வண்டிதான் குதிக்குது. ஷாக்கா இருந்தா ரெண்டுலயும் குதிக்கோணுமல்ல?" என்றேன்.

அவன் கொஞ்சம் யோசித்தான். "அப்ப ஸ்பிரிங் பக்கந்தான் பாக்கோணுமுங்க. ஞாயித்துக்கிழமை வர்றேன் மச்சான். அதுவரைக்கும் ஒண்ணும் கழட்டிப் போட்டுறாதீங்க" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தான். ஜாக்கியை எடுக்க டிக்கியைத் திறந்து தரையில் கிடந்த விரிப்பைத் தூக்கினான். அடியில் சிந்திக் காய்ந்துபோன மாவு, சுண்ணாம்பு உதிர்ந்ததுபோல் அப்பிக் கிடந்தது. புளித்த வாடை எழுந்து வந்தது. அவன் விரிப்பைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டான். நான் அவன் கையிலிருந்து விரிப்பை வாங்கி வேலியில் காயப்போட்டுவிட்டு, ஜாக்கியை எடுத்துக் கொடுத்தேன்.

பின்சக்கரத்தைக் கழற்றினோம். டார்ச் அடித்துப் பார்த்தால், ஸ்பிரிங்கின் சுருள்களுக்கு நடுவே தடிமனான கறுப்பு ரப்பர் வளையம் ஒன்று இறுக்கிச் செருகியிருந்தது. ஸ்பிரிங் சுருங்க இடமே விடாமல் அது பிடித்துக்கொண்டிருந்தது. மறுபக்கச் சக்கரத்தையும் கழற்றினோம். அங்கேயும் அதே.

"யாரு போட்டது இது?" என்றேன்.

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அக்காதானுங்க. நாந்தான் யோசனை சொன்னேன். மறந்தே போச்சு பாருங்க மச்சான். மாவுக் கேன் வச்சா பின்னாடி உக்காந்துக்குது தம்பி, டயரு ஒரசுதுன்னு போன் பண்ணுச்சு. ரப்பர் போடுக்கா, பாரம் தாங்கும்னேன். மறுவாரமே, போட்டுட்டேன்டா, இப்ப ஜம்முனு போவுதுன்னு சொல்லுச்சு. வெறும் வண்டியா ஓட்டுனா ஒடம்பு நோகும்க்கான்னு சொன்னதுக்கு, நான் எங்கடா வெறும் வண்டி ஓட்டறேன்னு சிரிச்சுச்சு."

சொல்லிவிட்டு அழுதான். முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு, கிரீஸ் கையை இரண்டு பக்கமும் விரித்து வைத்துக்கொண்டு, சத்தமாக அழுதான். என் அக்கா அடுப்படியிலிருந்து ஓடிவந்து வாசலில் நின்றாள். மகள் குழந்தையோடு ஜன்னலுக்கு வந்தாள். இருவரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கும் அழுகை வரும், வந்தால் நல்லது என்று அவர்கள் நினைப்பது புரிந்தது. நான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ரப்பரில் படிந்திருந்த செம்மண் தெரிந்தது. ஒரு ஓரத்தில் லேசாக வெடித்திருந்தது தெரிந்தது. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வரவில்லை.

"சோப்புத் தண்ணி ஊத்துனா வழுக்கி வந்துருமா மாப்ள?" என்று கேட்டேன்.

அவன் கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டு எழுந்தான். "வந்துருமுங்க" என்றான்.

சோப்புத் தண்ணீர் விட்டு, கடப்பாரையால் மெல்ல நெம்பினோம். முதலாவது வரப் பிடிவாதம் பிடித்தது. இரண்டாவது சுலபமாக வந்துவிட்டது. சக்கரங்களை மாட்டி ஜாக்கியை இறக்கியதும் வண்டியின் பின்பக்கம் முன்னைவிடக் கொஞ்சம் தாழ்ந்து நின்றது. மூலையை அமுக்கினேன். இறங்கியது, எழுந்தது, நின்றது.

வாய்க்கால் ஓரத்து மண் ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். மாப்ள பின் சீட்டில் உட்கார்ந்து வந்தான்.

"எப்படிங்க இருக்குது?"

"நல்லா இருக்குது."

"அவ்வளவுதானுங்களா?"

"நல்லாத்தானே இருக்குது மாப்ள."

வீட்டுக்கு வந்ததும் அவன் ரப்பர் இரண்டையும் கழுவித் துடைத்துத் தன் பையில் போட்டுக்கொண்டான்.

தடுப்பூசிக்குப் போன நாளில் அக்கா குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள, பக்கத்தில் மகள் முதலில் இறுக்கமாகத்தான் உட்கார்ந்தாள். முன் சீட்டின் முதுகைக் கையால் பிடித்திருந்தாள். செக்போஸ்ட் வேகத்தடை தாண்டியதும் கையை எடுத்துவிட்டாள். ஊசி போட்டதும் குழந்தை வீரிட்டு அழுதது. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அழுகை நிற்கவில்லை. வண்டி நகர்ந்ததும் அழுகை தேய்ந்து நின்றது. கொஞ்ச தூரம் போனதும் கண்ணாடியில் பார்த்தேன். மகளும் வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிவிட்டிருந்தாள். பிரசவம் ஆனதிலிருந்து அவள் சேர்ந்தாற்போல் தூங்கியதில்லை என்று அக்கா சொல்லியிருந்தாள்.

வீட்டுக்குத் திரும்பும் பாதை வந்தது. நான் திரும்பவில்லை. நேராகவே ஓட்டினேன். தென்னந்தோப்புகளுக்கு நடுவே ரோடு நீளமாகக் கிடந்தது. எதிரே வந்த லாரிக்கு ஓரம் ஒதுங்கிக் கொடுத்தேன். பள்ளம் வரும் இடங்களில் வேகத்தைக் குறைத்தேன். அக்கா பின்னாலிருந்து மெதுவான குரலில், "எங்கடா போறே, ஊடு தாண்டிருச்சு" என்றாள்.

"தூங்கட்டும்க்கா" என்றேன். "வேலந்தாவளம் போயிட்டுத் திரும்பிக்கலாம்."