சந்தில் விரித்த பாய்

சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு கோரைப்பாய் தொங்குகிறது. ஓரம் பிய்ந்துபோனதால் என் பழைய புடவைக் கரையைக் கிழித்து வைத்துத் தைத்திருக்கிறேன். படுக்க அதை எடுப்பதில்லை, விருந்தாளி வந்தாலும் விரிப்பதில்லை. பாகூரில் எங்கள் தெருவை ஒட்டியிருக்கும் இசை மண்டபத்தில் கச்சேரி என்றால் மட்டும், விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு அந்தப் பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மண்டபத்துச் சுவரோரச் சந்தில் போய் விரித்து உட்காருவேன். உள்ளே பாடுவது இப்போது சந்துக்குக் கேட்காது. "கேக்காத கச்சேரிக்கு இன்னாத்துக்கு அத்தை பாயி?" என்று என் மருமகள் சிரிக்கிறாள். அவளுக்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால், செத்துப்போன செக்ரட்டரி ஐயாவைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த மண்டபம் பிரெஞ்சுக்காரன் காலத்தில் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, மூட்டை அடுக்கும் கிடங்காக இருந்ததாம். பிறகு கடைத்தெரு வியாபாரிகள் சேர்ந்து மேடை கட்டி, சங்கீதத்துக்கென்று ஆக்கினார்கள். பாட்டும் நாயனமும் கேட்கப் பாண்டிச்சேரி டவுனுக்குப் போக வேண்டாம், வித்வான்கள் இங்கேயே வருவார்கள் என்று ஊருக்கே பெருமை. கிடங்காக இருந்ததால் காற்றுக்காகப் பெரிய பெரிய ஜன்னல்கள். அத்தனையும் எங்கள் சந்தைப் பார்த்து இருக்கும். உள்ளே நாற்காலியில் உட்கார எங்கள் தெரு ஆட்களை யாரும் கூப்பிட்டதில்லை, வராதே என்று சொன்னதுமில்லை. நாற்று நட்டு, கரும்பு வெட்டிவிட்டு வந்தவர்கள் நாங்கள். ஜன்னலுக்குக் கீழே மணலில் பாய் விரித்துக் கேட்போம். பாடுகிறவர் முகம் தெரியாது. குரலை வைத்தே இவர் குண்டு, இவர் கோபக்காரர் என்று நாங்களாக முடிவு செய்துகொள்வோம். ஆடி மாதம் எங்கள் மாரியம்மன் ஊர்வலம் வரும்போது சப்பரம் அந்தச் சந்தில்தான் நிற்கும். அன்றைக்கு உள்ளே கச்சேரி இருந்தால், வித்வான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து அம்மனுக்கென்று ஒன்று பாடுவார். வேறெந்த ஊரிலும் இப்படி உண்டா என்று எனக்குத் தெரியாது. எங்களுக்கு அந்தச் சந்து பாதி கோயில்.

மண்டபத்துக்காரர்களை நாங்கள் எப்போதும் சந்தேகக் கண்ணோடுதான் பார்ப்போம். சுனாமி வந்தபோது கடலோரத்துப் பனித்திட்டு சனங்கள் ஈரத்துணியோடு வந்து நின்றார்கள். மண்டபத்தைத் திறந்துவிட்டார்கள், சோறும் போட்டார்கள், புண்ணியம்தான். ஆனால் கதவைத் திறப்பதற்கு முன்னால் ஜமக்காளங்களைச் சுருட்டி உள்ளறையில் வைத்துப் பூட்டினார்கள். பிள்ளைகள் வெறும் சிமெண்டுத் தரையில் படுத்தன. எங்கள் வீட்டுப் பாய்களைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அந்தப் பூட்டை நான் மறக்கவில்லை.

அதற்குப் பல வருஷம் கழித்து, ஜவுளிக்கடை வைத்திருந்த ஒருவர் மண்டபத்துக்குச் செக்ரட்டரியாக வந்தார். நெற்றியில் திருநீறு, வெள்ளை வேட்டி, யாரைப் பார்த்தாலும் கும்பிடு. வந்ததும் ஜன்னலுக்கெல்லாம் கண்ணாடி போட்டு மூடி, ஏசி வைத்தார். நாங்கள் வாயைத் திறப்பதற்குள் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு எங்கள் தெருவுக்கே வந்துவிட்டார். "இனிமே நீங்க வெளிய ஏன் உக்காரணும்? உள்ள வாங்க. நாற்காலி போட்டிருக்கு. எல்லாரும் வரணும்" என்று வீடு வீடாகக் கும்பிட்டார். என் வீட்டில் மோர் வாங்கிக் குடித்தார்.

அவர் தலை மறைந்ததும் என் நாத்தனார் ஆரம்பித்தாள். வீட்டுக்காரருக்கு அக்கா, வாய் நீளம், மனசு சுத்தம். "மோர குடிச்சிட்டு போறாரே, இன்னா கேப்பாருன்னு நெனைக்கிற?"

"கச்சேரிக்கிதான அண்ணி கூப்புடறாரு."

"அடி போடி பைத்தியம். இத்தினி வருசமா கூப்புடாதவரு இப்போ கூப்புடறாருன்னா, நாம உள்ள போறது அவருக்கு வோணாம். வெளிய இல்லாம போறதுதான் வோணும். சந்துல ஆள் குந்தலன்னா சந்து யாருது? நாளைக்கே மதில போட்டு உள்ள இழுத்துக்குவாங்க. அம்மன் எங்க நிக்கும், உன் வூட்டு அடுப்பாண்டையா?"

அவள் சொன்னது எனக்கும் சரியாகத்தான் பட்டது. ஆனாலும் அந்த மேடையை ஒரு தடவையாவது பார்க்கும் ஆசை விடவில்லை. ஒருவழியாகப் பேசி, தெருப்பெண்கள் கொஞ்சம் பேர் போனோம். வாசலில் செருப்பை விட எங்களுக்கு மனம் வரவில்லை. காணாமல் போய்விடும் என்றில்லை. 'எழுந்திரு' என்று யாராவது சொன்னால் உடனே மாட்டிக்கொண்டு மரியாதையாக வெளியே வர வேண்டும். ஆளுக்கொரு மஞ்சப்பையில் செருப்பைப் போட்டு மடியில் வைத்துக்கொண்டு, கதவோரக் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். செக்ரட்டரி ஐயா முன்னால் வரச் சொல்லிக் கெஞ்சினார். நாங்கள் அசையவில்லை. அவர் கண் எங்கள் பைகள் மேலேயே போய்ப் போய் வந்தது. கடைசியில் தாங்காமல் என்னிடம் குனிந்து, "பையில இன்னாமா?" என்றார்.

நாத்தனார் முந்திக்கொண்டாள். "செருப்புங்க ஐயா. போட்டுக்கத்தான். அடிக்க இல்ல."

அவர் முகம் ஒரு கணம் செத்து, பிறகு சிரித்தது. அவருக்கும் எங்கள் மேல் சந்தேகம் இருந்திருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது.

வருஷக்கணக்காக வயலினைக் கேட்டு, அதை வாசிப்பவரை மீசை வைத்த ஒரு பெரிய மனிதராக நினைத்து வைத்திருந்தேன். மேடையில் இருந்தது ஒல்லியாக ஒரு பொம்பளை, மூக்குத்தி போட்டுக்கொண்டு. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குளிர்ந்த காற்று, மெத்தை நாற்காலி, எதிரிலேயே பாட்டு. நாத்தனார் என் காதில், "நல்லாத்தான் கீது. அதான் பயமா கீது" என்றாள்.

இடைவேளையில் கண்ணாடி வழியாகச் சந்தை எட்டிப் பார்த்தேன். ஒரு ஆள் இல்லை. மணலைக் கூட்டிப் பெருக்கியிருந்தார்கள். நாங்கள் பாய் விரிக்கிற இடத்துக்கு நடுவில் புதிதாக முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்டியிருந்தது. அதற்குமேல் ஒரு பாட்டும் என் காதில் ஏறவில்லை.

அடுத்த கச்சேரியிலிருந்து முறை வைத்துக்கொண்டோம். பாதிப் பேர் உள்ளே, பாதிப் பேர் சந்தில். முதல் நாள் சந்தில் நானும் நாத்தனாரும். கண்ணாடிக்கு அப்பால் மிருதங்கம் மட்டும் யாரோ தூரத்தில் துணி துவைப்பதுபோல் கேட்டது. செக்ரட்டரி ஐயா வெளியே வந்துவிட்டார். "ஏம்மா, உள்ள எடமில்லியா?"

"இருக்குதுங்க. வெளியவும் இருக்குதுங்க ஐயா" என்றேன்.

முளைக்குச்சி எதற்கு என்று நாத்தனார் கேட்டாள். ஏசி மிஷினுக்கு மேடை கட்ட என்றார். ஏசி மேடைக்குச் சந்தின் நடுவில் எதற்கு அளவு? மறுநாள் போய்ப் பார்த்தால் குச்சி சுவரோரமாக நகர்ந்திருந்தது. பிறகு அங்கே மேடையும் வந்தது, மிஷினும் வந்தது. அவர் சொன்னது நிஜமா, நாங்கள் பார்த்துவிட்டோம் என்பதால் மாற்றினாரா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

இன்னொன்றும் செய்தார். எங்கள் பாய்க்கு நேர் மேலே இருக்கிற கடைசி ஜன்னலை மட்டும் கச்சேரி நேரத்தில் ஒரு கையகலம் திறந்து வைப்பார். ஏசி காற்று வீணாகிறது என்று கமிட்டிக்காரர்கள் சத்தம் போடுவது எங்களுக்கே கேட்கும். அவர் மூட மாட்டார். ஆடியில் சப்பரம் நிற்கும்போது தானே அதை அகலத் திறந்து, திருநீற்று நெற்றியோடு கும்பிடுவார். அந்தச் சமயத்தில்கூட நான் சாமியைப் பாதி, அவரைப் பாதி பார்த்தேன். அம்மனைக் கும்பிடுகிறாரா, சந்தின் அகலத்தைக் கண்ணால் அளக்கிறாரா என்று. "நம்ம புத்தி இப்பிடி ஆயிடுச்சே அண்ணி" என்றால், "ஆவாம இருந்திருந்தா சந்து இருக்குமாடி?" என்பாள்.

மாரடைப்பில் அவர் போனார். எங்கள் தெருவே சாவுக்குப் போனது. காரியம் முடிந்த கொஞ்ச நாளில் கடைசி ஜன்னலையும் திறக்க முடியாதபடி அடைத்துவிட்டார்கள். அப்புறம் ஒரு சாயங்காலம், நாங்கள் பாயில் இருக்கும்போதே, புது ஆட்கள் அளவு டேப்போடு வந்தார்கள். காம்பவுண்டுச் சுவர் எழுப்பப் போகிறோம் என்றார்கள். "இது புதுசு இல்லம்மா. பழைய செக்ரட்டரி போட்ட பிளான்தான்" என்று ஒருவர் சொன்னார். நான் அதை அப்படியே நம்பிவிட்டேன். நாத்தனார் மட்டும், "செத்தவரு எழுந்து வந்து இல்லன்னா சொல்லப் போறாரு?" என்றாள். டேப்பின் நுனி எங்கள் பாயின் ஓரத்தில் வந்து முட்டியது. கொஞ்சம் எழுந்திருங்கள் என்றார்கள். நாங்கள் எழுந்திருக்கவில்லை. வீடுகளிலிருந்து மற்றவர்களும் ஆளுக்கொரு பாயோடு வந்து உட்கார்ந்தார்கள். டேப்பைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். மதில் இன்னும் வரவில்லை. கைவிட்டுவிட்டோம் என்று யாரும் சொல்லவுமில்லை.

ஜன்னலைத் திறந்து வைத்தவரும் முளைக்குச்சி அடித்தவரும் ஒரே ஆள்தானா? ஒரு மனுஷனுக்குள்ளேயே இரண்டும் இருந்திருக்கலாம். அவர் பேரைச் சொல்லி அம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமை ஒரு விளக்குப் போடுகிறேன். தப்பாக நினைத்திருந்தால் அம்மா மன்னிக்கட்டும். நாத்தனாரும் இப்போது இல்லை. இன்றைக்குக் கச்சேரி. உள்ளே கூப்பிட்டார்கள், மருமகளை அனுப்பிவிட்டு நான் சந்தில் இருக்கிறேன். ஏசி மிஷினிலிருந்து தண்ணீர் சொட்டி, தைத்த கரையை நனைக்கிறது. பாயை நகர்த்தவில்லை.