பட்டியலில் மேலே இருப்பதே எடுபடும்

மலேசியாவில் பத்து பகாட் என்ற ஊருக்கு வந்த முதல் வாரம் ஒரு கடையில் டீ கேட்டேன். சர்க்கரை வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னேன். வந்தது பாயசம். சண்டைக்குப் போனேன். கடைக்காரர் அசரவில்லை. "சீனி போடல லா தம்பி. சுசு மட்டும்தான் ஊத்துனேன்." சுசு என்றால் டின்னில் வரும் இனிப்புக் கெட்டிப்பால். வெறுமனே டீ என்றால் இங்கே அதுதான் வரும். வேண்டாதவன் 'தே சி கோசோங்', அதாவது இனிப்பில்லாத பால் ஊற்றிச் சீனி போடாத டீ, என்று முழுசாகச் சொல்ல வேண்டும். மலேசியாவில் தமிழ் பேசினால் போதும் என்று ஊரில் நினைக்கிறீர்கள். போதாது.

நான் இங்கே ஒரு துணிச் சாயத் தொழிற்சாலையில் புரோகிராமர். எந்த நிறத்துக்கு எந்தச் சாயம் எவ்வளவு என்பதெல்லாம் ஆக்சஸ் என்ற டேட்டாபேஸில் எழுதிய ஒரு பழைய புரோகிராமில் இருக்கிறது. அதை எழுதியவர் சரவணன் என்ற உள்ளூர்த் தமிழர். இப்போது எல்லை ஊரான ஜேபியில் குடியிருந்துகொண்டு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார். டேட்டாவை எடுத்துத்தர ஆக்சஸில் டிஏஓ, ஏடிஓ என்று இரண்டு லைப்ரரிகள் உண்டு. இரண்டிலும் ரெக்கார்ட்செட் என்ற ஒரே பெயரில் ஒரு சாமான் இருக்கிறது. எதனுடையது என்று எழுதாவிட்டால், ரெஃபரன்ஸ் பட்டியலில் மேலே இருக்கும் லைப்ரரியிலிருந்து எடுத்துக்கொள்ளும். சரவணன் எழுதியது முழுக்க டிஏஓ, பட்டியலில் மேலே இருந்ததும் அதுதான்.

திருப்பூரில் நான் வேலை பழகிய பனியன் கம்பெனியில் ஏடிஓ மட்டும்தான். ரெக்கார்ட்செட் என்று மொட்டையாக எழுதுவோம். எது என்று கேட்டால் சிரிப்பார்கள். அதே பழக்கத்தோடு இங்கே ஒரு புது ரிப்போர்ட் எழுதினேன். ஏடிஓவை டிக் செய்து பட்டியலில் மேலே ஏற்றினேன். ரிப்போர்ட் ஓடியது. அதை மட்டும் பார்த்துவிட்டு எல்லாக் கம்ப்யூட்டரிலும் போட்டேன்.

மறுநாள் காலை சாயக் கலவைத் திரை திறக்கவில்லை. 'டைப் மிஸ்மேட்ச்.' துணி மெஷினுக்குள் நனைந்து கிடந்தது. சாயப் பகுதி சூப்பர்வைசர் முனியாண்டி கத்தினார். "அலமாக்! பத்து வருஷமா ஓடுன சாமான். நீ தொட்ட, படுத்துருச்சு!"

மேனேஜர் லிம் என்னையே பார்த்தார். "லாஸ்ட் டைம் ஓகே வாட்." முன்பெல்லாம் நன்றாகத்தானே ஓடியது என்கிறார்.

என் வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்கும் கடிதம் கையெழுத்துக்காக அவர் மேசையில் கிடந்தது. கையெழுத்து விழாவிட்டால் மாதக் கடைசியில் எனக்கு ஊருக்கு விமானம். பயம் வந்தால் எனக்கு வாய் நீளும். சரவணன் எழுதிய லட்சணம் என்று எல்லோர் முன்னாலும் திட்டினேன். பிறகு வெளியே போய் அவருக்கே போன் போட்டு அங்கேயும் ஏசினேன்.

"மேல எதை ஏத்துனீங்க?" என்றார். சொன்னேன்.

"அப்புறம் என்னை ஏன் ஏசுறீங்க? நானும் எதுன்னு எழுதல, நீங்களும் எழுதல. நம்ம வீட்டுக்கு வேற யாரும் வரமாட்டாங்கன்னு ரெண்டு பேருமே நெனச்சுட்டோம் லா."

டிஏஓவை மேலே ஏற்றினேன். கலவைத் திரை திறந்தது. என் ரிப்போர்ட் விழுந்தது. வாயை மூடிக்கொண்டிருக்கலாம். பழி ஏற்கெனவே சரவணன் தலையில் விழுந்தாயிற்று, அவர் இங்கே இல்லை. ஆனால் போனில் அந்த மனுஷன் ஒரு கெட்ட வார்த்தைகூடப் பேசவில்லை. அதுதான் குத்தியது. லிம்மிடம் போய், தப்பு என்னுடையது என்றேன்.

"ஜஸ்ட் நவ் யூ சே சரவணன்."

"நோ பாஸ். மீ."

கடிதத்தில் இரண்டு வருடம் என்று இருந்ததை அடித்தார். ஒன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "ஒன் இயர். சீ ஃபர்ஸ்ட்."

மூன்று நாள் உட்கார்ந்து ஒவ்வொரு ரெக்கார்ட்செட்டுக்கும் முன்னால் அதனதன் லைப்ரரி பெயரை எழுதினேன். இப்போது பட்டியலை எப்படிக் கவிழ்த்தாலும் ஓடுகிறது.

இதெல்லாம் நடப்பதற்கு முன், போன தீபாவளிக்குத் திருப்பூர் போயிருந்தபோது பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் என்னையறியாமல் 'தே சி கோசோங்' என்று வந்துவிட்டது. கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்தார். "ஏனுங்ண்ணா, எந்தூருங்க நீங்க?" பிறந்த ஊரில் என்னிடம் இந்தக் கேள்வி. டீயில் எது வேண்டும், எது வேண்டாம் என்று அங்கேயும் விளக்க வேண்டியதாகிவிட்டது.

அந்த மூன்று நாள் வேலை முடிந்த மாலை, இங்கே அதே கடைக்குப் போய் வீம்புக்கு "டீ" என்று மட்டும் சொன்னேன். சுசு ஊற்றிக் கொண்டுவந்தார். வாயில் வைக்க முடியவில்லை. முழுக்கக் குடித்தேன். ஒற்றைச் சொல்லில் டீ கேட்க எனக்கு எந்த ஊரும் மிச்சமில்லை.