ஒப்படைத்தவர்: ஆறுச்சாமி

ஆறுச்சாமி இறந்த செய்தி எனக்கு வாக்கிடாக்கியில் வந்தது. "நாலாவது மாடியிலிருந்து ஒரு பாடி வருது" என்றார்கள், அவ்வளவுதான். பாலக்காட்டில் நாங்கள் இருவரும் காவலாளிகளாக வேலை பார்த்த மருத்துவமனையின் பிணவறை வாசலில் அன்று காலைக் காவல் எனக்கு. துணியில் கட்டியிருந்த சீட்டைப் படித்த பிறகே அவர் என்று தெரிந்தது. மாரடைப்பு.

அவர் 'பாடி' என்று சொல்லவே மாட்டார். அந்தம்மா, பெரியவர் என்பார். தூக்கும்போது, "கொஞ்சம் பொறுத்துக்குங்க, திருப்பறனுங்க" என்பார். "ஏனுங்ணா, பதில் சொன்னாங்களா?" என்று கேலி செய்வோம். "உங்களாட்ட வாயடிக்கறதில்லீங்க" என்பார்.

அவரோடு வேலை செய்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வாளையார் விவகாரத்தில் தவறு என்னுடையது.

அப்போது நான் சேர்ந்து இரண்டு மாதம். ஒரே மதியம் வயதான பெண்கள் இரண்டு பேர் இறந்திருந்தார்கள். "முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை" என்று ஒரு மகன் அழுதார். நானும் துணியை விலக்காமல், சீட்டையும் படிக்காமல் கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டேன். அரை மணி நேரத்தில் அடுத்த குடும்பம் வந்தது. துணியை விலக்கியதும், "இது எங்கம்மா இல்லை" என்றார்கள்.

ஆறுச்சாமி பைக்கை எடுத்தார். வாளையார் சோதனைச் சாவடியில் லாரி வரிசையில் சிக்கி நின்ற ஆம்புலன்ஸைப் பிடித்து, "நான்தானுங்க மாத்திக் குடுத்துட்டேன்" என்றாராம். அந்த மகன் அறைந்திருக்கிறார். கன்னம் வீங்கியபடியே வண்டியைத் திருப்பிக் கூட்டி வந்தார். பதிவேட்டில் 'ஒப்படைத்தவர்' என்ற இடத்தை நான் பதற்றத்தில் காலியாக விட்டிருந்தேன். அதில் தன் பெயரை எழுதினார். அவருக்கு வரவிருந்த சூப்பர்வைசர் வேலை அத்தோடு போயிற்று.

"நான் சொல்லிடட்டுங்களா?" என்று கேட்டேன்.

"உடு அம்மிணி. இனி மொகத்தக் காட்டாம ஆரையும் அனுப்பாத."

எனக்கு வேலை தேவைப்பட்டது. வாயை மூடிக்கொண்டேன். அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

அவரை வாங்க வந்த அவருடைய மனைவியும் முகம் பார்க்க மாட்டேன் என்றார். நான் விடவில்லை. பார்த்து அழுது முடித்ததும் வாளையார் கதையைச் சொன்னேன்.

"அப்பவே தெரியுங்க" என்றார். "இவரு மொகத்தக் காட்டாம அனுப்பற ஆளா?"

என்னிடம் அவருடையதாக மிஞ்சியிருப்பது அந்த ஒரு வழக்கம்தான். "கொஞ்சம் பொறுத்துக்குங்ணா" என்று சொல்லித் துணியை மூடினேன். பதிவேட்டில், ஒப்படைத்தவர் என்ற இடத்தில், என் பெயரை எழுதினேன்.