கேசட்டில் விழுந்த அடி

பத்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுவேன். பத்திரிகைக்கு எழுதத் துணிந்ததற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

போன ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், திருமுல்லைவாயிலில் நடந்தது இது.

அதற்கு முன் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் நான், இருபது வருடத்துக்கும் மேலாக ஒரு த்ராஷ் மெட்டல் குழுவில் டிரம்ஸ் வாசித்தவன். அதைக் கேட்டிராதவர்களுக்காகச் சொல்கிறேன். கிட்டார்கள் மரம் அறுக்கும் மிஷின் மாதிரி அலறும். பாடுகிறவன் தொண்டை கிழியக் கத்துவான். பின்னால் டிரம்ஸ் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். கூச்சக்காரனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பார்கள். டிரம்ஸ் வாசிக்கிறவன் எல்லோருக்கும் பின்னால், பெரிய பித்தளைத் தட்டுகளுக்கு நடுவே ஒளிந்து உட்காரலாம். எனக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது.

சில வருடங்களுக்கு முன் முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. இந்த இசைக்கு இரண்டு காலாலும் பெடலை விடாமல் மிதிக்க வேண்டும். மாடிப்படி ஏறுவதையே குறைக்கச் சொன்னார் டாக்டர். டிரம்ஸைப் பற்றி நான் அவரிடம் வாயே திறக்கவில்லை. குழுவை விட்டு விலகிவிட்டேன். இன்னும் இரண்டு பேர் வேலைக்காக வெளியூர் போனார்கள். மிஞ்சியது ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்த என் நண்பன் மட்டும்தான். பாடுவதும் அவன்தான், கிட்டாரும் அவன்தான். விடாமல் புது ஆட்களைச் சேர்த்துப் புது ஆல்பம் ஒன்றைச் செய்தான். என் இடத்துக்குப் பூந்தமல்லியிலிருந்து ஒரு பெண் வந்தாள். என் மகள் வயதுதான் இருக்கும்.

ஒருநாள் போன் செய்தான். "மாமே, நம்ம மொத பாட்ட திரும்ப எடுத்துகீறோம். நீ வந்து கேளு. வேணான்னு சொன்னீன்னா ஆல்பத்துல வராது, அவ்ளோதான்."

வேண்டாம் என்று சொல்லத்தான் கிளம்பினேன். முப்பது வருடத்துக்கு முன் ஒரே ஒரு கேசட்டில் பதிவான பாட்டு அது. என் காலும் கையும் சொன்னபடி கேட்ட காலம் அதில்தான் இருக்கிறது. அதைப் போய் இன்னொருவர் வாசிப்பதா என்று மனசு கேட்கவில்லை. நான் உம்மென்று சட்டையை மாட்டுவதைப் பார்த்துவிட்டு, "இன்னா, அந்த இரைச்சலுக்கா மூஞ்சிய இப்டி தூக்கி வெச்சினுகீறீங்க?" என்று கேட்டாள் என் மனைவி.

நண்பனின் திருமுல்லைவாயில் வீட்டுப் பின்னறையில் அந்தப் பெண் எழுந்து நின்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். பாட்டு ஓடியது. என்னைவிட நன்றாக வாசித்திருந்தாள். வேகம் அதிகம், ஒரு அடிகூடத் தவறவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. பாட்டு முடிந்ததும் சொல்வதற்காக, 'வேணாம்' என்ற வார்த்தையை வாயில் தயாராக வைத்துக்கொண்டே கேட்டேன்.

பாட்டின் நடுவில் எல்லாம் அடங்கி, கிட்டார் மட்டும் தனியாக வரும் ஓர் இடம் உண்டு. அங்கே தொம்மென்று கனமாக ஒரு அடி விழுந்தது. கொஞ்சம் விட்டு இன்னொன்று. பிறகு அடுத்தடுத்து இரண்டு. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

பெண்ணின் முகம் சுருங்கிவிட்டது. "தப்பா அங்கிள்? அந்த அடி மட்டும் எந்தக் கணக்குலயும் வரல. கேசட்ட கேட்டுக் கேட்டு மனப்பாடம் பண்ணேன். நீங்க எப்படி எண்ணிப் போட்டீங்க?"

"அத நான் போடலம்மா. அது பக்கத்து ஷெட்டு பிரஸ்ஸு."

அப்போது நாங்கள் பயிற்சி செய்தது மண்ணூர்பேட்டையில், ஒரு தகரக் கொட்டகையில். சுவருக்கு அந்தப் பக்கம் தகடு வெட்டும் பட்டறை. அங்கே தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ் மிஷின் ஓடும்போதுதான் நாங்களும் வாசிப்போம். அப்போதுதான் தெருவில் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். கேசட்டையும் ஒரு மதியம் அப்படித்தான் பதிவு செய்தோம். கிட்டார் தனியாக வரும் இடத்தில் மட்டும் பிரஸ் சத்தம் உள்ளே புகுந்துவிட்டது. தகட்டை வைத்து, கையை எடுத்துவிட்டுப் பெடலை மிதிப்பார் அந்தப் பட்டறைக்காரர். அதற்கு ஏது தாளம்? ஒருமுறை சுவர் மேல் எட்டிப் பார்த்து, "நைனா, உங்களுக்கு என் மிஷினே தேவல" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் பெயரைக்கூட நாங்கள் கேட்டதில்லை.

நண்பன் தலையில் கை வைத்துக்கொண்டான். "அடப்பாவி! எனக்கு அது சுத்தமா மறந்தே போச்சு. நீ போட்டதுன்னு ஊரெல்லாம் பீத்திகினு கீறேன்டா!"

"அப்போ அத எடுத்துடறேன் அங்கிள்" என்றாள் அவள்.

"வேணாம்மா" என்றேன். அந்த வார்த்தையை வேறு எதற்கோ வைத்திருந்தேன், இதற்குப் பயன்பட்டது. அந்தப் பட்டறையும் கொட்டகையும் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். நாங்கள் வியர்த்து வழிந்த அந்த மதியம் வேறு எங்கும் மிச்சமில்லை. என்ன சத்தம் என்று தெரியாமலே, ஒரு அடி விடாமல் அதை இவள் வைத்திருக்கிறாள்.

"பாட்டு வரட்டும். அந்த அடியோட வரட்டும்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்போ அத மட்டும் நீங்க போடுங்களேன். நான் போட்டா டிரம்ஸ் மாதிரிதான் இருக்கு. இதுக்குக் கால் வேணாம், கை போதும்."

பெரிய டிரம் ஒன்றைப் பக்கத்தில் நகர்த்தி, பஞ்சு சுற்றிய தடியைக் கையில் கொடுத்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மனதுக்குள் தகட்டை வைத்தேன், கையை எடுத்தேன், அடித்தேன். எதையும் எண்ணவில்லை. மூன்றாவது முறை சரியாக வந்தது. என் இடத்தில் அந்தப் பெண், பெயர் தெரியாத அந்த மனிதரின் இடத்தில் நான்.

"டிரம்ஸ்காரனா போய் பிரஸ்காரனா வந்துட்டியே மச்சான்" என்று சிரித்த நண்பன், முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தான்.

என்னுடையதை எடுத்துக்கொள்ள வந்தவள் என்று நான் நினைத்த பெண், நானே தொலைத்துவிட்ட ஒன்றைப் பத்திரமாக வைத்திருந்தாள் என்பதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது.

மறுநாள் திங்கட்கிழமை. வலது தோள் வலித்தது. தைலம் தேய்த்துக்கொண்டு முதல் ஷிப்டுக்குப் போனேன்.