ஒன்பது ரொட்டியும் பதினான்கு அவுன்ஸும்

2003ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. இடம், லக்கல பக்கத்தில் வற்றிக் கிடந்த ஒரு குளத்தின் தரை. என் நண்பர் ஒருவரை நான் கொன்றுவிடப் பார்த்த நாள் அது. வேண்டுமென்று செய்யவில்லை. எண்ணிக்கை பிசகிவிட்டது.

நான் யட்டவத்தக்கு மேலே ஒரு தோட்டத்து டிஸ்பென்சரியில் முப்பத்து நான்கு வருடம் மருந்து கலந்து கொடுத்தவன். மாத்திரை எண்ணுவதும் மிக்சர் அளப்பதும்தான் வேலை. எண்ணி முடித்த மாத்திரையை மறுபடி எண்ணுவேன். வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு மூன்று தரம் இழுத்துப் பார்ப்பேன். பஸ்ஸில் ஏறினால் ஆட்களை எண்ணுவேன். என் மனைவி இதனால் பட்ட எரிச்சல் கொஞ்சமல்ல.

அப்படிப்பட்டவனுக்கும் ஆகாயத்தில் பறக்கிற விஷயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். மாத்தளை டவுனில் கராஜ் வைத்திருந்த ஒரு முஸ்லிம் நண்பர்தான் சம்பந்தம். ஊரே அவரை நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடும். என்னைவிட நான்கு வயது இளையவர் என்றாலும் நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். நாட்டை விட்டுப் போன ஒரு வெள்ளைக்காரர் விட்டுச்சென்ற குட்டி விமானம் ஒன்று அவரிடம் வந்து சேர்ந்திருந்தது. விமானம் என்று சொன்னால் பெரிதாக நினைத்துக்கொள்வீர்கள். அலுமினியக் குழாய்கள், துணியால் ஆன இறக்கை, ஒருவர் மட்டும் உட்காரும் நாற்காலி, முதுகுக்குப் பின்னால் ஒரு எஞ்சின், மூன்று சில்லுகள், அவ்வளவுதான். நானா அதற்குக் கற்றுக்கொள்ள வேண்டியதையெல்லாம் கொழும்புக்குப் போய்க் கற்றுக்கொண்டு, வாங்க வேண்டிய அனுமதிகளை எல்லாம் வாங்கியிருந்தார்.

தோட்டத்து வேன் பழுதாகி அவருடைய கராஜுக்குப் போன அன்றுதான் முதன்முதலாக அதைப் பார்த்தேன். பக்கத்தில் நின்றபடி சும்மா இருக்க முடியாமல் எண்ணினேன். அறுபத்து மூன்று போல்ட், பதினெட்டுக் கம்பி. "ஒரு போல்ட்டில் பின் குத்தவில்லையே, நட்டு கழன்று போகாதா?" என்று கேட்டேன். நானா ஓடி வந்து பார்த்தார். உண்மைதான். அன்றிலிருந்து அவர் பறக்கும் நாளெல்லாம் நான் கூடப் போக வேண்டியதாயிற்று.

நான் ஒரு தரமும் ஏறியதில்லை. ஏற மாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். தரையில் நின்று போல்ட் எண்ணுவது, கம்பி தொட்டுப் பார்ப்பது, எரிபொருள் கலப்பது, இவைதான் என் வேலை. "எனக்கி ரெண்டு தோள்லயும் ரெண்டு மலக்கு ஈக்கி, கணக்கு எழுத. மூணாவது மலக்கு கீழ நிக்கிறாரு, பெற்றோல் கேனோட," என்று நானா எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார். மலக்கு என்றால் தேவதூதர்.

சமாதான ஒப்பந்தம் போட்டு ஒன்றரை வருடம் ஆகியிருந்த காலம். சண்டை ஓய்ந்திருந்தாலும் தலைக்கு மேல் ஏதாவது இரைந்தால் சனங்கள் அண்ணாந்து பார்த்துப் பயந்த காலம். ஒவ்வொரு முறையும் வழியில் இருந்த ஆர்மி காம்பில் அனுமதிக் கடிதத்தைக் காட்ட வேண்டும். அதில் என் தமிழ்ப் பெயரும் இருந்தது. திருப்பித் தரும்வரை காம்பின் மணல் மூட்டைகளை எண்ணிக்கொண்டு நிற்பேன். குளத்தைச் சுற்றித்தான் பறக்க வேண்டும், மலைக்கு அந்தப் பக்கம் போகக்கூடாது என்பது நிபந்தனை.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் மனைவியும் வந்தாள். "நீங்க ரெண்டு பேரும் அங்க என்னதான் செய்றீங்கன்னு நானும் பாக்கிறேன்," என்று தேங்காய் ரொட்டி சுட்டு, கட்டச் சம்பல் அரைத்து, துணியில் கட்டிக்கொண்டு, விமானத்தை ஏற்றியிருந்த நானாவின் லொறியில் ஏறிவிட்டாள். குளத்தங்கரையில் காட்டை வெட்டிச் சேனைப் பயிர் செய்கிற ஒரு வயதான சிங்கள விவசாயியும் வழக்கம்போல வந்து நின்றார். இந்தச் சத்தத்துக்குத் தன் சோளத்துப் பக்கம் யானை இரண்டு நாளைக்கு வராது என்பது அவருடைய நம்பிக்கை. அதனால் எங்கள் மேல் அவருக்குப் பெரிய மரியாதை.

எரிபொருள் கலப்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழைய த்ரீவீலர்களுக்குப் போடுவதுபோல இந்த எஞ்சினுக்கும் பெற்றோலோடு ஓயில் கலக்க வேண்டும். இருபது லீட்டர் கேனுக்குப் பதினான்கு அவுன்ஸ். அதற்கென்று டிஸ்பென்சரியில் கழித்துப்போட்ட ஒரு அவுன்ஸ் கிளாஸை வைத்திருந்தேன். ஓயில் போத்தலின் பக்கத்தில் பிளாஸ்டர் ஒட்டி, மேலிருந்து அவுன்ஸுக்கு ஒரு கோடும் போட்டிருந்தேன்.

லொறியின் பின்பலகையில் கேனை வைத்துவிட்டு, வாய்விட்டு எண்ணியபடி அளக்கத் தொடங்கினேன். நானா நாலு அடி தள்ளிக் கம்பிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்று. இரண்டு. மூன்று. என் மனைவி துணியை அவிழ்த்தபடி கேட்டாள்.

"ஏங்க, ரொட்டி எத்தனை எடுத்து வைக்க? அந்தப் பெரியவரும் நிக்கிறாரே."

"அவரோட சேத்து மூணு பேர். ஆளுக்கு மூணு. ஒன்பது."

"அப்ப நான் பட்டினியா?"

நான் சிரித்தேன். நானாவும் சிரித்தார். பிறகு கிளாஸை எடுத்து, பத்து, பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு என்று ஊற்றி, மூடியைத் திருகி, கேனைக் குலுக்கி, தாங்கியில் நிரப்பினேன். முப்பத்து நான்கு வருடம் ஒரு மாத்திரை தவறாத கை அது.

நானா பிஸ்மி சொல்லிப் புறப்பட்டார். நான் வழக்கம்போல மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பதினோராவது நிமிடம் எஞ்சின் சத்தம் மாறியது. தொண்டை கட்டியவர் பேசுவதுபோல ஒரு கரகரப்பு. பிறகு சத்தமே இல்லை. அறுநூறு அடி உயரத்தில், குளத்தின் அந்தக் கரையில், மரங்களுக்கு மேலே அந்தத் துணி இறக்கை அப்படியே தெரிந்தது.

அவர் திருப்பினார். இறங்கக் கூடிய ஒரே இடம் நாங்கள் நின்ற தரைதான். அதற்குள் அதில் எருமைகள் வந்து மேய்ந்துகொண்டிருந்தன. நான் என்ன செய்தேன் தெரியுமா? எருமைகளை எண்ணினேன். பதினேழு. என் மனைவிதான் ஓடினாள். ரொட்டி கட்டிய துணியை உதறி வீசிக்கொண்டு, செருப்பில்லாமல், "ஓ! ஓ!" என்று கத்திக்கொண்டு எருமைக் கூட்டத்துக்குள் போனாள். பெரியவர் மறுபக்கம் தடியோடு ஓடினார். ஓடிய ஓட்டத்திலேயே மேலே பார்த்து, "பஹின்ன மஹத்தயா, பஹின்ன!" என்று கத்தினார். பஸ்ஸிலிருந்து ஆளை இறங்கச் சொல்வதுபோல இறங்கச் சொல்கிறார்! எருமைகள் பிரிந்தன. நடுவில் விழுந்த வெளியில் நானா இறங்கினார். இடது சில்லு ஒரு பள்ளத்தில் மாட்டி, விமானம் ஒருபக்கம் சாய்ந்து, புழுதி எழும்பி அடங்கியது. சத்தம் நின்றதிலிருந்து எழுபத்தொரு வினாடி.

நெற்றியில் குழாய் இடித்து இரத்தம் வழிந்தது. மற்றபடி முழுதாக இருந்தார். மருந்துப் பெட்டியைத் திறந்து காயத்தைத் துடைத்தேன். மருந்து கலக்குபவனையும் ஊரார் டொக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். "டொக்டர், ஒங்கட கை ஆடுற ஆட்டத்துக்கு எனக்கி கண்ணும் போயிரும் போல," என்றார் நானா. என் மனைவி அழுதுகொண்டே சிரித்தாள்.

சாமான்களை லொறியில் ஏற்றும்போதுதான் ஓயில் போத்தலைப் பார்த்தேன். ஓயில் பதினாலாவது கோட்டுக்கு இறங்கியிருக்க வேண்டும். எட்டாவது கோட்டில் நின்றது. மூன்று தரம் எண்ணினேன். மூன்று தரமும் எட்டுத்தான். நாலு, ஐந்து, ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது. இந்த ஆறு அவுன்ஸும் எங்கே போயிற்று என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. ரொட்டிக் கணக்குக்குப் போய்விட்டது.

லொறியின் முன் இருக்கையில் நானா ஓட்ட, நடுவில் என் மனைவி, ஓரத்தில் நான். சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் என் பிழையைச் சொன்னால், அவள் கேட்ட கேள்வியையும் சொல்ல வேண்டும். அவளோ, அல்லாவும் முருகனும் சேர்ந்துதான் காப்பாற்றினார்கள் என்று வழியெல்லாம் சந்தோஷமாகப் பேசிக்கொண்டு வந்தாள். ஒரு மனிதனின் உயிர் தன் ஒரு பேச்சால் போகப் பார்த்தது என்று தெரிந்தால் அதன் பிறகு அவள் நிம்மதியாக ஒரு கேள்வி கேட்பாளா? மாத்தளை வரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. அத்தனை வளைவுகளில் ஒன்றைக்கூட அன்று எண்ணவில்லை.

மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. நான்காம் நாள், சொல்லியே தீருவது என்று கராஜுக்குப் போனேன். எஞ்சினைப் பிரித்து மேசையில் பரப்பியிருந்தார்கள். பிஸ்டனின் பக்கமெல்லாம் நகத்தால் பிறாண்டியதுபோலக் கோடு. பக்கத்து டயர்க் கடைக்காரரும் இரண்டு மெக்கானிக்குகளும் சுற்றி நின்றார்கள்.

டயர்க் கடைக்காரர் என்னைக் கண்டதும் தொடங்கினார். "வாங்க டொக்டர்! ஓயில் காஞ்சு போன பிஸ்டன் மாதிரியில்ல இருக்கு. தோட்டத்து டிஸ்பென்சரி தண்ணி மருந்தை ஊத்தி அனுப்பிட்டீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"ஓயிலெல்லாம் சரியாத்தான் போட்டது," என்றார் நானா, தலையைத் தூக்காமலே. "வெயிலுக்குள்ள நான்தான் எஞ்சினை அளவுக்கு மிஞ்சி முறுக்கினேன். வளையமும் பழசு. நீங்க போய் ஒங்கட டயரைப் பாருங்க."

அவர்கள் போன பிறகு சொன்னேன். "நானா, ஆறு அவுன்ஸ் குறைஞ்சு போச்சு. நான்தான்."

"தெரியும். லொறியில ஏத்தக்குள்ளயே போத்தலைப் பாத்தேன்."

"அன்னைக்கே ஏன் கேக்கல?"

"எப்பிடிக் கேக்கிறது? மதினி நடுவுல இருந்தாங்களே."

அவர் ஒரு துணியில் கையைத் துடைத்தபடியே சொன்னார். "ஆளுக்கு மூணு, ஒன்பதுண்டு நீங்க செல்லக்குள்ள நானும் கேட்டுக்கிட்டுத்தானே நிண்டேன். அடுத்தது பத்துண்டு ஊத்தினதும் கேட்டிச்சு. எனக்கி அது பிழையாப் படல்ல. எனக்கும் காது ஈக்கி தானே? அதுனால பாதிப் பிழை எனக்கி வேணும். மதினிக்கு ஒண்டும் வேணாம்."

இனிமேல் கிளாஸைத் தொட மாட்டேன், வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பிஸ்டன் வெளிநாட்டிலிருந்து வரத் தாமதமானது. அதற்குள் மழை வந்து குளம் நிரம்பிவிட்டது. அடுத்த வருடம் தண்ணீர் வற்றிய பிறகுதான் மறுபடி லக்கலக்குப் போனோம். என்னை வேடிக்கை பார்க்கத்தான் கூட்டிப் போகிறார் என்று நினைத்தேன். அங்கே போனதும் கேனையும் ஓயிலையும் என் அவுன்ஸ் கிளாஸையும் லொறியின் பின்பலகையில் எடுத்து வைத்தார்.

"வேணாம் நானா. ஒரு தரம் தப்பா எண்ணினவன் நான்."

"அதான் செல்றேன். இதுவரைக்கும் தப்பே எண்ணாத ஆளுக்கு நான் எங்க போறது? எண்ணுங்க."

சொல்லிவிட்டுக் கம்பி பார்க்கப் போய்விட்டார். என் பக்கம் திரும்பவே இல்லை. நான் கீழே குனிந்து பதினான்கு கூழாங்கற்களைப் பொறுக்கினேன். ஒரு கிளாஸ் ஊற்றினால் ஒரு கல்லை இடப்பக்கம் தள்ளினேன். யார் என்ன கேட்டாலும் கல்லுக்குக் காது கேட்காது அல்லவா? கடைசிக் கல்லைத் தள்ளிவிட்டுப் போத்தலின் கோட்டைப் பார்த்தேன். பதினான்கு. அவர் இருபத்தாறு நிமிடம் பறந்துவிட்டு, சிரித்த முகத்தோடு எங்கள் முன்னால் வந்து இறங்கினார். அன்று வந்திருந்த என் மனைவி, "ஏங்க, இவ்வளவு நேரம் மூச்சே விடாம நின்னீங்களே, நெஞ்சு வலிக்குதா?" என்று கேட்டாள். நானா ஹெல்மெட்டைக் கழற்றும் சாக்கில் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

சண்டை மறுபடி மூண்டதும் அனுமதி நின்றது. புலிகள் குட்டி விமானத்தில் வந்து குண்டு போட்ட பிறகு சின்ன விமானம் என்று வாயால் சொல்வதே ஆபத்து என்றாகிவிட்டது. நானா தானே போய்ப் பொலிசில் அறிவித்து, அதைத் துண்டு துண்டாகக் கழற்றி ஒப்படைத்தார். போல்ட்டுகளை நான்தான் எண்ணிக் கொடுத்தேன். நானா இப்போது இல்லை. என் மனைவி போய் இரண்டு வருடம் ஆகிறது. அந்த ஒன்பது ரொட்டியின் கதை கடைசிவரை அவளுக்குத் தெரியாது. நானா யாரிடமும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இனி அவளை நோகடிக்காது என்பதால்தான் இப்போது எழுதுகிறேன்.

பிறர் விட்ட பிழையைக் கண்டால் அந்த இடத்திலேயே எண்ணிக் காட்டிவிட வேண்டும் என்ற அவசரம் எனக்கு எப்போதும் உண்டு, இந்த வயதிலும் அது போகவில்லை. ஆனால் வாயைத் திறப்பதற்கு முன்னால், நடுவில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு தரம் பார்த்துக்கொள்கிறேன்.